பலெர்மோ: அரண்மனை மேட்டிலிருந்து கடற்கரைவரை நடந்து பார்ப்பது எப்படி

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் பார்க்க வேண்டியவை ஏராளம். அவற்றைக் கிடைத்த வரிசையில் பார்த்தால், மாலைக்குள் குவிமாடங்களும் மொசைக் ஓவியங்களும் பளிங்குச் சிலைகளும் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துபோய்விடும். ஃபினீசியர்கள் துறைமுகமாக நிறுவிய இந்த ஊரை கி.மு. 254இல் ரோமானியர் கைப்பற்றினர். பின்னாளில் பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்த அதை 831இல் அரேபியரும், 1072இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்களும் வென்றனர். அதன்பின் ஜெர்மானிய, பிரெஞ்சு, ஸ்பானிய அரச மரபுகள் ஆண்டன. வந்தவர் ஒவ்வொருவரும் முன்பிருந்தவரின் கல்லையும் கைத்திறனையும் எடுத்துத் தம் கட்டடத்தில் சேர்த்துக்கொண்டனர். அந்தச் சேர்க்கை கண்ணுக்குத் தெரியும் இடங்களைத் தேடிப் பார்ப்பதே பலெர்மோவைப் பார்க்கும் சரியான முறை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஏற்ற பாதையையும் நகரமே போட்டு வைத்திருக்கிறது.

அந்தப் பாதை, இன்று விட்டோரியோ எமனுவேலே தெரு என்று பலகைகளில் எழுதப்பட்டிருக்கும் நேர் சாலை. உள்ளூர்வாசிகள் அதைக் கஸ்ஸாரோ என்கிறார்கள். நகரின் மிகப் பழைய தெரு இதுதான். இப்போது தரைக்கு அடியில் மறைந்துவிட்ட இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த பாறைத் திட்டின் மேல், அரண்மனை இருக்கும் மேட்டிலிருந்து கடல்வரை இது மெல்லச் சரிந்து இறங்குகிறது. மேல்முனையில் போர்த்தா நுவோவா, கீழ்முனையில் போர்த்தா ஃபெலிச்சே என்ற இரு வாயில்கள் உள்ளன. இடைப்பட்ட தூரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. பேருந்து ஏறி மேல்முனைக்குச் சென்று கீழ்நோக்கி நடப்பது காலுக்கு இதமானது, வரலாற்று வரிசைக்கும் பெரும்பாலும் பொருந்தி வரும்.

புறப்படும் முன்

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முடிவு வரையிலும் செல்வது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருக்கும். சகாராப் பாலைவனத்திலிருந்து ஷிரோக்கோ என்ற சூடான தென்காற்று வீசும் நாட்களில் நண்பகலில் வெளியே நடப்பது உடலுக்கே ஆகாது. ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிப் பல சிறு கடைகளும் உணவகங்களும் மூடிவிடும். இத்தாலி ஷெங்கன் நாடுகளில் ஒன்று என்பதால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசா பெற்றிருக்க வேண்டும். செலாவணி யூரோ.

விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. நேரம் இருப்பவர்களுக்கு வேறு இரண்டு வழிகளைப் பரிந்துரைப்பேன். ஒன்று, நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பலில் ஏறிக் காலையில் பலெர்மோத் துறைமுகத்தில் இறங்குவது. மற்றொன்று, ரோமிலிருந்தோ நேப்பிள்ஸிலிருந்தோ வரும் ரயில். மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே பகுதி பகுதியாகக் கப்பலுக்குள் தள்ளி, மறுகரையில் இறக்கி, மீண்டும் கோத்து ஓட்டுகிறார்கள். நாள் முழுவதையும் விழுங்கும் பயணம்தான் என்றாலும், சிசிலி ஒரு தீவு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழி வேறு இல்லை.

பலெர்மோவுக்குள் சுற்ற வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரின் பெரும்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் அடங்குகிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து, அபராதம் பல வாரங்களுக்குப் பின் தேடி வரும். நாற்சந்தியான குவாத்ரோ கான்திக்கு அருகிலோ கடலோரக் கால்சா பகுதியிலோ தங்கினால், இக்கட்டுரையில் சொல்லும் பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம்.

திட்டமிடும்போது நேரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தேவாலயங்கள் பலவும் நண்பகலை ஒட்டி மூடி, பிற்பகல் மூன்றரை அல்லது நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறக்கின்றன. ஞாயிறு காலைகளில் வழிபாடு நடக்கும்போது பார்வையாளருக்கு அனுமதி இராது. எனவே காலையை உட்புறங்களுக்கும், நண்பகலைச் சந்தைக்கும் சாப்பாட்டுக்கும், மாலையைத் தெருக்களுக்கும் கடற்கரைக்கும் ஒதுக்குவது நல்லது. தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்திருக்க வேண்டும். ஒரு சிறிய இருகண் தொலைநோக்கியைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். பலெர்மோவின் மிகச் சிறந்த படைப்புகள் கூரையில் இருக்கின்றன.

அரண்மனையும் அதன் தேவாலயமும்

மேட்டின் உச்சியில் உள்ள நார்மன் அரண்மனை இன்று சிசிலிப் பிராந்தியச் சட்டமன்றமாகச் செயல்படுகிறது. அவை கூடும் நாட்களில் அரச குடியிருப்பு அறைகள் பார்வையாளருக்கு மூடப்படும் என்பதால், வேட்டைக் காட்சிகளும் சிறுத்தைகளும் பேரீச்ச மரங்களும் பொன் மொசைக்கில் மின்னும் ரோஜர் மண்டபத்தைக் காண விரும்புவோர் எந்த நாளில் அது திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டாலும் தாங்கிக்கொள்ளலாம். தவறவிடக் கூடாதது முதல் தளத்தில் உள்ள கப்பெல்லா பாலத்தீனா என்ற அரண்மனைத் தேவாலயம். சுற்றுலாக் குழுக்கள் வந்து நிறைவதற்கு முன், காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே அங்கே இருக்க வேண்டும்.

1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சிசிலியின் முதல் மன்னராக முடிசூடிய இரண்டாம் ரோஜர், அடுத்த சில ஆண்டுகளில் இதைக் கட்டத் தொடங்கினார். 1140இல் இது அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவுடன் பொன் மொசைக் கண்ணைப் பறிக்கும். அனைவரும் அதையே பார்த்து நிற்பார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள். வண்ணக் கற்களை வெட்டிப் பதித்த வடிவியல் கோலங்கள் அங்கே இருக்கும். பிறகு பீடப் பகுதிக்கு நகர்ந்து, பைசாந்திய மரபில் வந்த கலைஞர்கள் அமைத்த கிறிஸ்துவையும் வானதூதர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள கிரேக்க எழுத்துகளையும் கவனியுங்கள். நடுக்கூடத்துச் சுவர்களில் ஆதியாகமக் காட்சிகளை இலத்தீன் வரிகள் விளக்குகின்றன. கடைசியாகத் தொலைநோக்கியை எடுத்து மேலே நோக்குங்கள்.

நடுக்கூடத்தின் மரக்கூரை முகர்னாஸ் என்ற இஸ்லாமியக் கட்டடக் கலை முறையில் தேன்கூட்டு அறைகளைப் போல அடுக்கடுக்காகத் தொங்குகிறது. எகிப்தின் ஃபாத்திமியக் கலை மரபில் பயின்ற கைகள் அதன் ஒவ்வொரு சிறு பரப்பிலும் ஓவியம் தீட்டியிருக்கின்றன. பொறுமையாகத் தேடினால் யாழ் மீட்டுபவர், கோப்பை ஏந்தியவர், ஒட்டகத்தின் மேல் அமர்ந்தவர், சதுரங்கப் பலகையின் இருபுறமும் அமர்ந்த இருவர் எனத் தென்படுவார்கள். இந்தியாவில் பிறந்து பாரசீகத்தின் வழியாக அரபு உலகை அடைந்த சதுரங்கம், கிறிஸ்தவ அரசர் ஒருவரின் வழிபாட்டு இடத்துக் கூரைவரை வந்து சேர்ந்திருப்பதை நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டும். கூரை விளிம்புகளில் ஓடும் அரபு எழுத்துகள் மன்னருக்கு நலன்களை வேண்டுகின்றன. ஒரே அறையில் தரை, சுவர், கூரை மூன்றும் மூன்று உலகங்களிலிருந்து வந்தவை. இதைப் புரிந்துகொண்டு வெளியே வருபவருக்கு நகரின் மற்ற இடங்கள் தாமே விளங்கத் தொடங்கும்.

தேவாலயத்தின் வெளிச்சுவரில் ஒரு சிறிய கல்வெட்டு பதிக்கப்பட்டிருக்கிறது. 1142இல் ரோஜர் அமைத்த நீர்க்கடிகாரம் ஒன்றைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளில் அது பேசுகிறது. புவியியல் அறிஞர் அல் இத்ரீசி தெற்குத் திசையை மேற்புறமாக வைத்து உலக வரைபடம் ஒன்றை 1154இல் நிறைவு செய்ததும் இந்த மன்னரின் ஆதரவில்தான். அதே அரண்மனைக் கோபுரத்தில் பின்னாளில் அமைந்த வானாய்வகத்திலிருந்து 1801 ஜனவரி 1 அன்று ஜுசெப்பே பியாட்சி, செரஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார்.

அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில் உள்ள சான் ஜொவான்னி தெல்லி எரெமித்தி தேவாலயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். சிவந்த குவிமாடங்களுக்குக் கீழே உட்புறம் வெறுமையாகத்தான் இருக்கும். சுற்றியுள்ள தோட்டத்தின் நிழலில் உட்கார்ந்து எழவே பலரும் அங்கே போகிறார்கள்.

பேராலயமும் நாற்சந்தியும்

போர்த்தா நுவோவா வாயிலைக் கடந்து கஸ்ஸாரோவில் இறங்கினால் இடப்புறம் பேராலயம் வரும். முதலில் ஒரு தேவாலயம், பின்னர் அரேபியர் காலத்துப் பள்ளிவாசல், மீண்டும் தேவாலயம் என மாறிய மனையில், இன்றுள்ள கட்டடத்தை 1185 அளவில் பேராயர் வால்டர் எழுப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சேர்க்கப்பட்ட பெரிய குவிமாடம் பழைய உடலுக்குப் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தெற்கு வாசல் மண்டபத்துக்குப் போய், உங்கள் இடப்பக்கக் கடைசித் தூணுக்கு அருகில் நில்லுங்கள். பகலை இரவால் மூடும் இறைவனைப் பற்றிய குர்ஆன் வசனம் ஒன்று அதில் அரபு எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய பள்ளிவாசலின் தூணாக இருக்கலாம் என்று கருதப்படும் அதை, கிறிஸ்தவக் கொத்தர்கள் தம் தேவாலயத்தின் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்துகள் தெளிவாகத் தெரியும். பலர் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, எழுத்தைக் கவனிக்காமலே போகிறார்கள்.

உள்ளே, கட்டணம் செலுத்திச் செல்லும் பகுதியில், இரண்டாம் ரோஜர், அவர் மகள் கான்ஸ்டன்ஸ், பேரரசர் ஆறாம் ஹென்றி, 1250இல் மறைந்த இரண்டாம் ஃபிரெடரிக் ஆகியோரின் கல்லறைகள் உள்ளன. ஃபிரெடரிக்கின் செந்நிறப் போர்ஃபிரிக் கல்பேழைக்கு அருகே இன்றும் பூக்கள் வைத்துச் செல்பவர்கள் உண்டு. தரையில் பதித்த நீண்ட பித்தளைக் கோடு பியாட்சி அமைத்த நண்பகல் கோடு. கூரையில் உள்ள ஒரு துளையின் வழியாக இறங்கும் சூரிய ஒளி நண்பகலில் அதன் மேல் வந்து விழும். கூரைக்கு ஏற அனுமதிச் சீட்டு தருகிறார்கள். மாலை வெயிலில் ஏறுவது சிறந்தது.

இன்னும் கீழே இறங்கினால், கஸ்ஸாரோவும் மக்குவேதா தெருவும் வெட்டிக்கொள்ளும் குவாத்ரோ கான்தி வரும். 1608க்கும் 1620க்கும் இடையில் அமைந்த இந்தச் சந்திப்பின் நான்கு மூலைகளும் ஒரே வடிவில் உள்ளே வளைந்திருக்கின்றன. அடியில் நான்கு பருவங்கள், நடுவில் நான்கு ஸ்பானிய அரசர்கள், உச்சியில் நகரைக் காக்கும் நான்கு புனிதைகள். பகலில் எந்த நேரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு முகப்பில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் என்பதால் இதை சூரிய அரங்கம் என்றும் அழைக்கிறார்கள். பக்கத்துச் சதுக்கத்தில் உள்ள பிரெத்தோரியா நீரூற்று ஃபிளாரன்ஸில் ஒரு தோட்டத்துக்காகச் செய்யப்பட்டு, 1573இல் பலெர்மோ நகரசபைக்கு விற்கப்பட்டு, நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கப்பலேறி வந்தது. கன்னிமடத்தின் எதிரே ஆடையற்ற சிலைகள் நின்றதால் மக்கள் அதற்கு வெட்கச் சதுக்கம் என்று பெயரிட்டார்கள்.

இங்கே அவசரப்பட்டு நகர்ந்துவிடாமல், பின்புறமுள்ள பெல்லினி சதுக்கத்துக்கு வாருங்கள். அங்கே அருகருகே நிற்கும் இரண்டு தேவாலயங்களில் மார்த்தொராணா எனப்படுவது, ரோஜரின் கடற்படைத் தலைவரான அந்தியோக்கியா ஜார்ஜ் 1143 அளவில் கட்டியது. வாசலுக்கு அருகிலுள்ள மொசைக்கில் கிறிஸ்து தம் கையாலேயே ரோஜருக்கு முடிசூட்டுகிறார். மன்னரின் முகச்சாயல் கிறிஸ்துவின் முகத்தை ஒத்திருப்பதைக் கவனியுங்கள். தம் அதிகாரம் போப்பாண்டவரின் தயவால் வந்ததன்று என்று சொல்ல ஓர் அரசருக்கு இதைவிட நேரடியான வழி ஏது? இத்தாலிய அல்பேனியச் சமூகத்தார் இன்றும் இங்கே பைசாந்திய முறைப்படி வழிபாடு நடத்துகிறார்கள். அடுத்துள்ள சான் கத்தால்தோ மூன்று சிவந்த குவிமாடங்களும் வெறும் கற்சுவர்களும் கொண்டது. எதிரே உள்ள சாந்தா கத்தெரீனா மடத்தில், கன்னியர்கள் வழிவழியாகச் செய்துவந்த இனிப்புகளை விற்கிறார்கள். பாதாம் மாவில் பழங்களின் உருவத்தில் செய்யும் மார்த்தொராணா இனிப்பை அங்கே வாங்கி முற்றத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

சந்தையும் சாப்பாடும்

பழைய நகரில் பெயர்பெற்ற சந்தைகள் மூன்று. வுச்சிரியா இப்போது பகலில் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது, இரவில்தான் இளைஞர் கூட்டம் நிறைகிறது. காப்போ அளவான சந்தை, முதல்முறை வருபவருக்கு எளிதானது. உயிரோட்டம் குறையாதது பல்லாரோ. முற்பகல் பத்து மணிக்கு மேல் அங்கே போனால், அப்பன்னியாத்தா என்று சொல்லப்படும், பாட்டாகவே நீட்டி இழுத்துக் கூவும் விலைக் குரல்களைக் கேட்கலாம். வாள்மீனின் தலையை மூக்கு வானை நோக்கும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு மீட்டருக்கும் நீளமான வெளிர்பச்சைச் சுரைக்காயும், அதன் கொழுந்து இலைகளைக் கட்டாக்கி வைத்த கீரையும் நம்மவர் கண்ணில் உடனே படும். சுற்றுப்புறத்தில் தமிழரும் வங்காளிகளும் ஆப்பிரிக்கரும் நடத்தும் மளிகைக் கடைகள் உள்ளன. ஆளைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரு உணவில் முதலில் சாப்பிட வேண்டியது பனேல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கிளறிக் களியாக்கி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். எலுமிச்சை பிழிந்து சூட்டோடு சாப்பிட வேண்டும். சைவர்களுக்குப் பலெர்மோவில் பசி தெரியாது. கத்தரிக்காயும் ஆலிவும் புளிப்பும் இனிப்புமாகச் சேர்ந்த கப்பொனாத்தா எங்கும் கிடைக்கும். ஆனால் சில இடங்களில் எச்சரிக்கை வேண்டும். ஆரஞ்சுப் பழ அளவில் உருட்டிப் பொரித்த சோற்று உருண்டையான அரஞ்சீனாவில், வெண்ணெய் வகை என்று சொல்லப்படுவதிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். கன்னோலி இனிப்பின் மொறுமொறுப்பான உறையில் மரபுப்படி பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. பெயர்பெற்ற பானி கா மேவுசா என்பது கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் கொழுப்பில் வதக்கி ரொட்டியில் வைப்பது. இறைச்சி இல்லாமல் வேண்டுமென்றால் செந்த்சா கார்னே என்று கேளுங்கள். கொழுப்பைப் பற்றித் தனியாகவும் விசாரித்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர்கள் மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை சேர்ந்த பாஸ்தாவை விட்டுவிடாதீர்கள். மீனும் உலர்திராட்சையும் ஒரே தட்டில் சேரும் இந்தச் சுவையில் அரேபியர் காலத்தின் தடம் இருப்பதாகச் சொல்வார்கள்.

டிசம்பர் 13, புனித லூசியா நாளில் சென்றால், நகரம் முழுவதும் ரொட்டியையும் பாஸ்தாவையும் தவிர்த்து அரஞ்சீனாவும், வேகவைத்த கோதுமையில் செய்யும் குச்சீயாவும் சாப்பிடுவதைக் காணலாம். பஞ்சத்தில் வாடிய மக்களுக்குத் தானியக் கப்பல் வந்து சேர்ந்ததன் நினைவு அது. இரவு உணவு எட்டு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். அதற்கு முன் மக்குவேதா தெருவில் ஊரோடு சேர்ந்து காலாற நடப்பது, இங்கே மாலையைக் கழிக்கும் முறை.

கால்சா, துறைமுகம், கடல்

பல்லாரோவிலிருந்து கடல் பக்கம் திரும்பும்போது, பழைய யூதர் குடியிருப்பின் தெருப் பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அரபு ஆகிய மூன்று எழுத்துகளில் இருப்பதைக் காணலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானிய அரசின் ஆணையால் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெயர்கள் மட்டும் பலகையில் திரும்பி வந்திருக்கின்றன.

அதற்கும் அப்பால் உள்ள கால்சா, ஃபாத்திமிய ஆட்சியாளர்கள் கட்டிய கோட்டைப் பகுதி. 1943இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் பலமாகச் சிதைந்தது. அப்போது குவிந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டியதால்தான், ஒருகாலத்தில் மதிலை வந்து அறைந்த அலைகள் விலகி, இன்று ஃபோரோ இத்தாலிக்கோ என்னும் புல்வெளி இருக்கிறது. கால்சாவில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் அபத்தெல்லிஸ் மாளிகை அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுங்கள். 1950களில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அதன் அறைகளை ஒழுங்குபடுத்தியபோது, ஒவ்வொரு படைப்புக்கும் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்தார். எலும்புக் குதிரையின் மேல் சாவு பாய்ந்து வந்து போப்பாண்டவர்களையும் பிரபுக்களையும் அம்பெய்து வீழ்த்தும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியத்தை முதலில் கீழ்த்தளத்திலும், பிறகு மாடியிலிருந்தும் பாருங்கள். கூட்டத்தின் ஓரத்தில் உள்ள ஏழைகளும் நோயாளிகளும் தங்களை அழைத்துப் போகும்படி கைகூப்பிக் கெஞ்சுகிறார்கள்; அம்பு அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. மாடியில் அந்தொனெல்லோ தா மெசினா தீட்டிய மரியாளின் சிறிய படம் இருக்கிறது. நீல முக்காட்டை ஒரு கை பற்றியிருக்க, மற்றொரு கை நம்மை நோக்கி நீள்கிறது. அந்த அறைக்கு மட்டும் பத்து நிமிடம் கொடுங்கள்.

மரீனா சதுக்கத் தோட்டத்தில், ஆலமரத்தின் பேரினத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய அத்திமரம் விழுது விட்டுப் படர்ந்து நிற்கிறது. அதன் எதிரே உள்ள ஸ்தேரி மாளிகையில் கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் சிறைகள் இருந்தன. கைதிகள் செங்கற்பொடியாலும் கரியாலும் சுவர்களில் தீட்டிய புனிதர்களும் வரைபடங்களும் பிரார்த்தனைகளும் இன்னும் அழியாமல் உள்ளன. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள்.

அருகிலுள்ள சான் லொரென்ட்சோ வழிபாட்டுக் கூடத்தில் ஜாக்கொமோ செர்பொத்தா வெண்சுதையில் வடித்த குழந்தைகளும் நற்பண்புகளின் உருவங்களும் சுவரெங்கும் நிறைந்திருக்கின்றன. பீடத்தின் மேலிருந்த கரவாஜோவின் ஓவியம் 1969 அக்டோபரில் திருடப்பட்டு இன்றுவரை கிடைக்கவில்லை; இப்போது அங்கே தொங்குவது மறுபிரதி.

மாலைக்கு மரப்பாவைக் கூத்து. சார்லமேன் பேரரசரின் வீரர்களான ஓர்லாந்தோவும் ரினால்தோவும் வாளேந்திப் பொருதும் இந்தச் சிசிலிய மரபு, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கத்தானியா நகரத்துப் பாவைகள் உயரமானவை, முழங்கால் மடங்காதவை. பலெர்மோப் பாவைகள் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். ஆனால் முழங்கால் மடங்கும், உறையிலிருந்து வாளைத் தாமே உருவும். சண்டையின்போது மேடைக்குப் பின்னால் ஆட்டுபவர்கள் மரக்கட்டைக் காலணியால் பலகையை மிதித்துத் தாளம் எழுப்புவார்கள். பாவை அருங்காட்சியகத்தில் பொம்மைகளைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தெரு ஓரச் சிறு அரங்கு ஒன்றில் ஆட்டத்தைப் பாருங்கள். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் கதை புரியும்.

நினைவுப் பொருள் வாங்கும்போது ஒரு வேண்டுகோள். மாஃபியாவை வேடிக்கையாக்கும் பனியன்களையும் காந்த வில்லைகளையும் வாங்காதீர்கள். நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே 1992 மே 23 அன்றும், பவுலோ பொர்செல்லீனோ அதே ஆண்டு ஜூலை 19 அன்றும் மாஃபியாவின் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். விமான நிலையம் அவ்விருவரின் பெயரைத் தாங்குகிறது. துறைமுகத்தின் லா காலா பகுதியில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் முழுச்சுவரிலும் அவர்கள் சிரித்தபடி பேசும் படம் தீட்டப்பட்டிருக்கிறது. மாஃபியாவுக்கு மாமூல் தர மறுக்கும் வணிகர்களை ஒன்றுசேர்க்க 2004இல் இளைஞர்கள் தொடங்கிய அத்தியோபிட்சோ இயக்கத்தின் ஒட்டுச்சீட்டு கதவில் தெரியும் கடைகளில் செலவழித்தால், உங்கள் பணம் அந்த வணிகர்களுக்குத் துணையாகும்.

நகருக்கு வெளியே

வடக்கே கடலை ஒட்டி எழும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்குப் பேருந்து உண்டு. பழைய நடைபாதையும் உண்டு. நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் எலும்புகள் 1624இல் இந்த மலைக் குகையில் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டு சென்றபின் கொள்ளைநோய் நீங்கியது என்றும் மக்கள் நம்புகிறார்கள். ஜூலை 14 இரவில் அவருடைய தேர் பேராலயத்திலிருந்து கஸ்ஸாரோ வழியாகக் கடலுக்கு இறங்கும். போர்த்தா ஃபெலிச்சே வாயிலுக்கு மேல்வளைவு இல்லாதது அந்தத் தேர் தடையின்றிச் செல்வதற்காகவே என்பார்கள். செப்டம்பர் 4 அன்று மக்கள் கால்நடையாக மலையேறுகிறார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். 1980கள் முதல் பலெர்மோவில் குடியேறிய இலங்கைத் தமிழர்களில் கத்தோலிக்கரோடு சைவர்களும் வாரந்தோறும் இந்தக் குகைக் கோயிலுக்கு வந்து வேண்டுதல் வைக்கிறார்கள். பாறையில் கசியும் நீரை, தலைக்கு மேல் வளைந்தோடும் உலோகத் தகடுகள் ஏந்திக்கொண்டு போகும். கீழே கண்ணாடிக்குள் புனிதையின் சாய்ந்த உருவம் பொன்னாடையுடன் இருக்கும். வந்திருப்பவர்களோடு மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால், எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத பலெர்மோவைப் பற்றி அவர்கள் சொல்வார்கள்.

நகரின் மேற்கே உள்ள ஸீசா மாளிகை, நார்மன் அரசர்கள் வேனிற்காலத்துக்காக அரபு முறையில் கட்டியது. கீழ்மண்டபத்தில் சுவரிலிருந்து நீர் வழிந்து தரை வாய்க்காலில் ஓடி, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும்படி அமைத்திருந்தார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல்லைத் தேடிப் பாருங்கள். ரோஜரின் குருக்களில் ஒருவரான கிரிசாந்துஸ் தம் தாய் ஆன்னாவுக்காக 1149 அளவில் வைத்தது. நடுவில் சிலுவை, சுற்றிலும் இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு வாசகங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கிலேயே நாளைக் குறிக்கிறது. தாயை இழந்த ஒரு மகன், தம் துயரத்தை ஊரார் அனைவரும் அவரவர் எழுத்தில் படிக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.

மொன்ரேயாலேயைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியம் எழுப்பிய அந்த மலையோரப் பேராலயத்தில் 6,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட மொசைக் உள்ளது. அதை முதலில் பார்த்துவிட்டால், கப்பெல்லா பாலத்தீனா சிறியதாகத் தோன்றி, அதன் நுட்பம் கண்ணில் படாமல் போகும். அரண்மனைக்கு அருகிலுள்ள இந்திபெந்தென்சா சதுக்கத்திலிருந்து பேருந்து கிடைக்கும். பேராலயமும் ஒட்டியுள்ள மடத்து முற்றமும் வெவ்வேறு நேரங்களில் திறப்பதால் இரண்டையும் முன்பே உறுதிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும். முற்றத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய தூண்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதிகளில் எதுவும் மற்றொன்றைப் போல் இராது. ஒன்றில் வில்லியம் தாம் கட்டிய தேவாலயத்தையே சிறு உருவாகக் கையில் ஏந்தி மரியாளுக்குக் கொடுக்கிறார். அதைத் தேடிப் பிடித்துவிட்டுப் பேராலயத்துக்குள் சென்றால், அதே காட்சி பீடத்துக்கு அருகில் பொன் மொசைக்கில் மறுபடியும் இருப்பதைப் பார்க்கலாம்.